சிவப்புக் காந்தமும் வெள்ளை நூலும்

ஜொகூர் மாநிலத்தில் செடெனாக் என்ற ஊரில், ஒரு வீட்டு ஐஸ்பெட்டிக் கதவில், தண்ணீர் பில்லையும் கோயில் திருவிழா நோட்டீசையும் பிடித்துக்கொண்டு ஒரு சிவப்புக் காந்தம் ஒட்டியிருக்கிறது. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியது. ஓரமெல்லாம் சாயம் போய்விட்டது. ஒரு படை அதிகாரியின் தோளுக்கு வரவேண்டிய நட்சத்திரம் வராமல் போனதில் இந்தக் காந்தத்துக்கும் பங்கு உண்டு என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். அந்த அதிகாரி எங்கள் கர்னல். அந்த வீடு அவருடைய அம்மா வீடு.

நான் சார்ஜனாக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது ஒரு தொழிற்சாலையில் பாதுகாவலர்களை மேய்த்துக்கொண்டிருக்கிறேன். படையில் என் கடைசி ஆண்டுகள் ஜொகூரில், கர்னலின் கீழ், விண்வெளிக் கண்காணிப்பு அறையில் கழிந்தன. விண்வெளி என்றதும் ஊரில் எல்லோரும் நான் ராக்கெட் விடப்போகிறேன் என்று நினைத்தார்கள். நானும் கொஞ்சம் அப்படித்தான் நினைத்தேன். போய்ப் பார்த்தால் கணினிகள், ஒரு சுவர் முழுக்க உலக வரைபடம், எப்போதும் குளிர் அதிகமாக வைத்த ஏர்கான். வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களும் செத்துப்போன ராக்கெட் துண்டுகளும் எங்கே போகின்றன, எது எதன் பக்கத்தில் வருகிறது, எது கீழே இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் வேலை. கர்னலின் அம்மா இதை அக்கம்பக்கத்தில் ரொம்பச் சுருக்கமாகச் சொல்லி வைத்திருந்தார்: "எம் மக வானத்துல சுத்துற குப்பைய எண்ணுது லா."

முதல் வாரம் எனக்குக் கர்னலைப் பிடிக்கவில்லை. என் சல்யூட்டை ஏறிட்டும் பார்க்காமல் நான் எழுதிய எண்களைப் பார்த்தார். செம்பனைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, பொறியியல் முடித்து, ராடார் நிலையங்களில் காலம் தள்ளி, வெளிநாட்டில் பயிற்சி எடுத்து அந்த நாற்காலிக்கு வந்தவர். கூட்டங்களில் பெரும்பாலும் அவர் ஒருவர்தான் பெண்; தமிழரும் அவர் ஒருவர்தான். அதைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசியதில்லை. கோபம் வந்தால் குரல் உயராது, இன்னும் தாழும்.

அந்த அறையில் அவர் கொண்டுவந்த ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். பழைய ராக்கெட் துண்டு ஒன்று பூமிக்கு இறங்கும்போது அது எந்த நேரத்தில் விழும் என்று யாராலும் திட்டமாகச் சொல்ல முடியாது. இந்த நேரத்துக்கும் அந்த நேரத்துக்கும் இடையில் என்று மட்டும்தான் சொல்லலாம். அது போகிற வேகத்தில், கணக்கு சற்றுப் பிசகினாலும் ஒரு நாட்டைத் தாண்டி இன்னொரு நாடு வந்துவிடும். எல்லா இடத்திலும் செய்வதுபோல நாங்களும் அந்த இடைவெளியின் நடுவில் வரும் இடத்தில் வரைபடத்தின்மேல் ஒரு சிவப்புக் காந்தம் வைப்போம். காந்தம் வைத்தால் அதன் இரு பக்கமும் வெள்ளை நூலை இழுத்துக் கட்டியே ஆக வேண்டும் என்பது கர்னலின் சட்டம். ஆப்பிரிக்காவில் தொடங்கி, நம் தலைக்கு மேல் ஏறி, பசிபிக் கடலில் போய் இறங்கும் அந்த நூல். அதன் நீளம் முழுவதும் எங்கே வேண்டுமானாலும் விழலாம். "காந்தம் சும்மா நடுவுல இருக்கு, சார்ஜன். நமக்கு எவ்வளவு தெரியலங்கறத நூல்தான் சொல்லும். நூல் இல்லாம காந்தம் வைக்காதீங்க," என்பார்.

அவர் பெயர் அடுத்த பதவி உயர்வுக்குப் போயிருந்த சமயம் அது. பிரிகேடியர் ஜெனரல் ஆகப் போகிறார் என்பது எங்கள் அறையில் துப்புரவு செய்பவர் வரைக்கும் தெரியும். பதவி ஏற்கும் நாளில் குடும்பத்தில் ஒருவர் வந்து தோளில் புது நட்சத்திரத்தைக் குத்திவிடுவது வழக்கம். அதற்காகவே அம்மா துணிக்கடைகளுக்குப் பேர்போன தங்காக் போய், கடை கடையாக ஏறி இறங்கி, மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுப்புடவை எடுத்து வைத்திருந்தார். அன்றைக்குக் கார் ஓட்டியவன் நான் என்பதால் அந்தப் பாடு எனக்குத் தெரியும். "ஜெனரலோட அம்மா கட்டற பொடவ, நல்லதா காட்டுங்க," என்று கடைக்காரரிடம் சொல்ல, கர்னல் வெட்கத்தில் கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

பிறகு அந்த ராக்கெட் துண்டு வந்தது. ஒரு பெரிய ராக்கெட்டின் மிச்சம், அன்றைக்குச் சாயங்காலத்துக்கு மேல் எப்போதாவது விழும் என்ற நிலை. கணக்கின் நடுப்பகுதி ஜொகூரில் வந்து நின்றதால் காந்தத்தை அங்கே வைத்தோம். சொல்லி வைத்தாற்போல் அது செடெனாக்கின் மேலேயே உட்கார்ந்தது. நூலும் கட்டியிருந்தது. காலையில் பார்வையிட வந்த ஒரு விருந்தாளி, எங்கள் வரைபடத்தைக் கைபேசியில் படம் எடுத்தார். படம் நன்றாக வரவேண்டும் என்று காந்தத்துக்குக் கிட்டப் போய் எடுத்தார். அந்தப் படத்தில் நூல் இல்லை. யாருக்கோ அனுப்பினார், அவர் யாருக்கோ அனுப்பினார். மதியத்துக்குள் ஜொகூர் முழுக்க வாட்ஸப்பில் அதுதான். செடெனாக்கில் ராக்கெட் விழப்போகிறதாம்!

முதலில் மேலதிகாரியின் அழைப்பு வந்தது. இருவரும் மலாயில் பேசினார்கள். ஜொகூருக்கு எந்த ஆபத்தும் இல்லை என்று கர்னல் கையெழுத்துப் போட்டு ஓர் அறிக்கை தர வேண்டும், உடனே வேண்டும். கர்னலின் குரல் தாழ்ந்துகொண்டே போனது. ஆபத்து மிக மிகக் குறைவு என்று சொல்கிறேன், இல்லவே இல்லை என்று இப்போது சொல்ல என்னால் முடியாது என்றார். அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய சொந்தக் கைபேசி அதிர்ந்தது. அம்மா.

அம்மாவின் குரல் எனக்கே கேட்டது. "பாப்பா, இங்க விழுமாம்மா? பக்கத்து வீட்ல எல்லாம் கெளம்பறாங்க. நான் பெர்மாஸ் ஜெயாவுக்கு ஒன் வீட்டுக்கு வந்துரட்டா?"

கர்னல் கண்ணை மூடிக்கொண்டார். பெற்ற தாயிடம் ஒரு பொய் சொல்வார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"எங்க விழும்னு எனக்குத் தெரியாதும்மா. யாருக்குமே தெரியாது. ஆனா அங்க விழறதுக்கு வாய்ப்பு ரொம்ப ரொம்பக் கம்மி. நீங்க எப்பவும் போல இருங்க. ஏதாச்சும் விழுந்து கெடந்தா மட்டும் தொடாதீங்க, போலீஸக் கூப்புடுங்க."

"சரி, அப்ப நான் கொழம்ப வைக்கிறேன்," என்று அம்மா வைத்துவிட்டார்.

கர்னல் கைபேசியை மேசையில் வைத்தார். பிறகு அம்மாவிடம் சொன்ன அதே நான்கு விஷயத்தையும் அதே வரிசையில் மலாயில் எழுதி அறிக்கையாக மேலே அனுப்பினார். அதை அவர்கள் வெளியிடவில்லை. 'எந்த ஆபத்தும் இல்லை' என்று வேறொருவர் பெயரில் வேறொன்று வந்தது. அன்று துண்டு பசிபிக் கடலில், நூலின் கடைசி முனைக்குப் பக்கத்தில் விழுந்தது. ஜொகூரில் ஒரு தூசுகூட இல்லை.

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தவறில்லை. ஆனால் விழாதது விழாததுதானே. ஆபத்து இல்லை என்றவர் தெளிவானவர் ஆனார், தெரியாது என்றவர் தடுமாறியவர் ஆனார். நெருக்கடியில் உறுதியாகப் பேசத் தெரியாதவர் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு சுற்றியது. என் காதிலேயே விழுந்தது. அந்த முறை நட்சத்திரம் வரவில்லை, அடுத்த முறையும் வரவில்லை. கர்னலாகவே ஓய்வு பெற்றார். எனக்கு ஆறவே இல்லை, இன்றைக்கும் ஆறவில்லை. அவரோ மேசையைக் காலி செய்த நாளில் அந்தச் சிவப்புக் காந்தத்தை மட்டும் என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். நூல் அறையிலேயே இருக்கட்டும், அதற்கு இன்னும் வேலை இருக்கிறது என்றார். காந்தம் செடெனாக்குக்குப் போயிற்று. தங்காக் புடவை அலமாரிக்குள் போயிற்று. அதைப் பற்றி அம்மா யாரிடமும் பேசியதில்லை. தீபாவளிக்குக்கூட எடுத்துக் கட்டியதில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை செடெனாக்கில் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். கர்னல் அடுப்படியில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார். என் கைபேசிக்கு ஓர் அறிவிப்பு வந்தது. இன்னொரு ராக்கெட் துண்டு இறங்குகிறதாம். அறிக்கை எங்கள் பழைய அறையிலிருந்து. அன்றைக்குக் கர்னலின் கீழ் லெப்டினன்டாக இருந்த பெண்தான் இப்போது அங்கே பொறுப்பில் இருக்கிறாள். மலாயில் இருந்ததை நான் உரக்கப் படித்தேன். 'எங்கே விழும் என்று இப்போது யாருக்கும் தெரியாது. இங்கே விழும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. வழக்கம்போல் இருங்கள். விழுந்து கிடக்கும் எதையும் தொடாமல் காவல்துறையை அழையுங்கள்.' கூடவே ஒரு வரைபடம். அதில் புள்ளியே கிடையாது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு நீண்ட வெள்ளைக் கோடு மட்டும்.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. கர்னல் வந்து என் கையிலிருந்து கைபேசியை வாங்கிப் பார்த்தார். அம்மா, "தம்பி, தமிழ்ல சொல்லு," என்றார். சொன்னேன்.

"இது எம் மக அன்னிக்கு எங்கிட்ட சொன்னது லா!"

"ஆமாம்மா."

அம்மா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அழப்போகிறார் என்று நினைத்தேன். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது மாம்பழ நிறப் பட்டுப்புடவை கட்டியிருந்தார். இத்தனை ஆண்டுகள் மடித்தே கிடந்த கோடுகள் அதில் அப்படியே தெரிந்தன. "என்னம்மா இது, வீட்ல உக்காந்து பட்டு?" என்றார் கர்னல். அம்மா நேரே ஐஸ்பெட்டிக்குப் போய்ச் சிவப்புக் காந்தத்தைப் பிடுங்கினார். தண்ணீர் பில்லும் நோட்டீசும் தரையில் விழுந்தன. எண்ணெய்க் கறை படிந்த டீசட்டையில் நின்றிருந்த மகளின் தோளில் காந்தத்தை வைத்தார். துணியில் அது நிற்கவில்லை, நழுவியது. மறுபடி வைத்து விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"போட்டோ எடு தம்பி," என்றார். "நான் கைய எடுக்கமாட்டேன்."