தங்கை செய்த ஜெபம்

மாநில எல்லை பிரித்த வருஷம், நகரிப் பக்கத்தில் ஆந்திராவோடு போன எங்கள் ஊருக்கு ஞாயிறு ஜெபம் நடத்தும் உபதேசியார் வருவது நின்றுபோனது. அம்மாவைப் புதைத்த மூன்றாவது ஞாயிறு, நைனா நாலு குடும்பங்களைக் கூப்பிட்டு வீட்டிலேயே சபை தொடங்கினார்.

"குழந்தைங்களும் வாய்விட்டு ஜெபம் பண்ணணும்," என்றார்.

பக்கத்து வீட்டு அத்தை தன் எருமைக்காக ஜெபித்தாள்.

"எருமைக்குமா?" என்று அவள் புருஷன் முனகினான்.

"மோர் மட்டும் வேணுமில்ல, கம்முனு இரு."

எல்லோரும் சிரித்தோம். அடுத்து என் ஏழு வயதுத் தங்கை கண்ணை மூடினாள்.

"ஏசப்பா, அம்மா ரத்தமா வாந்தி எடுத்துக்கினு இருந்துச்சி. அக்காகிட்ட சொன்னா கல்யாணம் நின்னுடும்னுச்சி. நான் சொல்லல. என்ன மன்னிச்சிடு."

அம்மா காய்ச்சலில் போனாள் என்றே நம்பியிருந்தேன். அதற்கு முந்தின மாதம்தான் எனக்குக் கல்யாணம் நடந்தது.

யாரும் ஆமென் சொல்லவில்லை. அடுத்து நான் ஜெபிக்க வேண்டும். தங்கையை மடியில் இழுத்துக்கொண்டு கண்ணை மூடினேன்.