சிக்க மறுத்த லேஸ்கள்

என் மகள் வேலூரில் கல்லூரியில் வேதியியல் படிக்கிறாள். ஒரு பாடத்தை வீட்டுப் பொருள்களை வைத்து விளக்க வேண்டும், அதற்கு மதிப்பெண் உண்டு என்று சொல்லியிருந்தார்கள். அவளுக்கு வந்தது பாலிமர்.

எட்டாவதோடு நின்ற எனக்கு முதல் நாளே சொல்லிப் பார்த்தாள்.

"ஷூ சோல் இருக்கில்லம்மா, அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத நீள நீளமான இழைங்க. ஒண்ணோட ஒண்ணு சிக்கினு இருக்கும். ஒண்ண இழுத்தா எல்லாம் கூடவே வரும். அதான் சோல் வளைஞ்சாலும் பிய்யறதில்ல. குட்டை இழைன்னா சிக்காது, உதிர்ந்துடும்."

இழைக்குப் பதில் ஷூ லேஸ். ஷூ கம்பெனிகள் நிறைந்த எங்கள் ஆம்பூரில் அதற்கா பஞ்சம்? ஒரு வாளியில் நீள லேஸ்களைப் போட்டு நன்றாகச் சிக்கவைத்தாள். ஒரு டப்பாவில் விரல் நீளத் துண்டுகள்.

காலையில் பார்த்தால் நீள லேஸ் அத்தனையும் ஜோடி ஜோடியாக மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கியிருந்தது. என் கணவருக்கு ஷூ கம்பெனியில் பேக்கிங் வேலை. லேஸ் தனியாகக் கிடந்தால் அவர் கை சும்மா இருக்காது.

"இன்னாங்க பண்ணி வெச்சிருக்கீங்க!"

"காலேஜுக்கு எடுத்துனு போறா, நீட்டா இருக்க வேணாமா?"

மகள் சிரித்தாள். ரப்பர் பேண்டுகளை உருவி லேஸ்களை வாளியில் கொட்டினோம். ஒன்றை இழுத்தாள். அது மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தது.

"உடனே சிக்காதும்மா. குலுங்கிக் குலுங்கித்தான் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூரும்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மனசு கேட்காமல் நானும் கிளம்பினேன். மூடி போட்ட வாளி என் மடியில். மார்க் போய்விடுமோ, பஸ் வழியில் நின்றுவிடுமோ என்று நினைக்க நினைக்க என் கால் தானாக ஆடத் தொடங்கியது. வீட்டில் எல்லோரும் திட்டுகிற பழக்கம் அது. பள்ளிகொண்டா வந்ததும் மகள் மூடியைத் திறந்து பார்த்தாள்.

"அம்மா, பாதி சிக்கிடுச்சு! நிறுத்தாத, ஜாஸ்தியா ஆட்டு!"

வேலூர் வரும்வரை ஆட்டினேன். அதற்கு மட்டும் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். டப்பாவிலிருந்து ஒரு துண்டை எடுத்தாள், ஒன்றுதான் வந்தது. வாளியிலிருந்து ஒரு லேஸை இழுத்தாள். மொத்தக் குவியலும் தொங்கிக்கொண்டு மேலே வந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். வாத்தியார் ஒன்றைத் தனியாக உருவப் பார்த்து, முடியாமல் விட்டார்.

"யாரும்மா இப்படிச் சிக்க வெச்சது?"

"எங்கம்மா, சார்."

திரும்பும்போது பஸ்ஸில் நான் மட்டும். சாயங்காலம் தனியாக எப்படி வருவாளோ என்று கவலை வந்துவிட்டது. தினமும் தனியாக வருகிறவள்தான். கால் ஆடியது.

"காலை ஆட்டாதம்மா, வூட்டுக்கு ஆகாது" என்றார் பக்கத்து சீட்டு அம்மா.

"எங்க வூட்டுக்கு ஆகும்க்கா" என்றேன்.