எஞ்சின் சூடாகும் வரை

காலை ஏழு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது புகை. சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கார் பார்க்கில், புது வண்டி ஒன்றின் பின்னாலிருந்து அது மெல்லிசாகக் கிளம்பி, கீழ்வீட்டுச் சமையலறைச் சன்னலை நோக்கிப் போனது. அந்த வீட்டுச் சீனப் பெண்மணி சன்னலை அறைந்து மூடினார். தினமும் மூடுவார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. காலையில் நகர மையத்துக்குள் கார் நுழைய வேண்டுமானால் அனுமதிச் சீட்டு வாங்கிக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். உள்ளே நான்கு பேர் இருந்தால் சீட்டு தேவையில்லை. நாங்கள் நான்கு பேர். மூன்றாம் மாடிக்காரர் வண்டிக்குச் சொந்தக்காரர். தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலை. அவர் மனைவியின் தங்கை அவர் வீட்டிலேயே தங்கி, ஷென்டன் வேயில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்திருந்தாள். மூன்றாவது நான். நான்காவது, எட்டாம் மாடியில் இருந்த கத்தோலிக்கர் ஒருவர். தேவாலயப் பாடகர் குழுவில் உரத்த குரல் அவருடையது.

வண்டிக்கு இரண்டே கதவுகள். முன் இருக்கையை மடக்கினால்தான் பின்னால் இருப்பவர் ஏறவோ இறங்கவோ முடியும். எஞ்சின் சூடான மறுநொடி கிளம்ப வேண்டும் என்பது மூன்றாம் மாடிக்காரரின் சட்டம். ஆகவே நாங்கள் முதலிலேயே ஏறி உட்கார வேண்டும். புகை வரும் என்பதால் சன்னல் மூடியிருக்கும். குளிர்ந்த எஞ்சினுக்குச் சுமை கூடாது என்பதால் ஏர்கான் ஓடாது. அவர் மட்டும் வெளியே நின்று துணியால் வண்டியைத் துடைப்பார். அவ்வப்போது பானெட்டில் புறங்கையை வைத்துப் பார்ப்பார், குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

கத்தோலிக்கர் அந்த நேரத்தில் ஜெபமாலை உருட்டுவார். வெள்ளிக்கிழமைகளில் தேக்கா சந்தையில் வாங்கிய மல்லிகைச் சரம் கண்ணாடிக்குக் கீழே தொங்கும். மூடிய வண்டியில் மல்லிகை வாசம் அரைமணி நேரத்தில் என்னவாகும் என்று எனக்குத் தெரியும்.

மூன்றாம் மாடிக்காரரின் பழைய வண்டி, அவர் கல்யாணத்தன்று, சைனாடவுன் மாரியம்மன் கோயிலிலிருந்து திரும்பும்போது நடுரோட்டில் நின்றுவிட்டது. பட்டு வேட்டியோடு மாப்பிள்ளை இறங்கித் தள்ளினார். பெண் வீட்டார் சிரித்தார்கள். அன்றிலிருந்துதான் இந்தச் சூடேற்றல்.

அவர் மனைவியின் தங்கைக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தாமதமாக வந்ததற்கு மேலதிகாரி இருமுறை கூப்பிட்டுப் பேசிவிட்டார். இன்னொரு முறை என்றால் நிறுத்திவிடுவார்கள் என்று என்னிடமும் கத்தோலிக்கரிடமும் சொன்னாள். அக்காள் கணவரிடமும் சொல்லியிருந்தாள். "நாளைக்கு வேகமா ஓட்றேன்" என்றார் அவர். பஸ்ஸில் போகிறேன் என்றும் ஒருநாள் சொல்லிப் பார்த்தாள். "அப்ப வண்டியில மூணு பேரு. சீட்டு யாரு, நீ வாங்கித் தருவியா?" என்று கேட்டார். அவர் சாப்பாடு, அவர் வீடு. அவள் மறுநாளும் முன் இருக்கையில் உட்கார்ந்தாள். என் நிலையும் அதுதான். நான் விலகினாலும் மூன்று பேர்.

அன்று அவர் சன்னலருகே குனிந்தபோது அவள் கண்ணாடியை இறக்கினாள். வண்டியோடு வந்த விளக்கப் புத்தகம் மடியில் இருந்தது.

"அத்தான், சூடு பண்ணத் தேவையில்லைன்னு இதுலயே போட்டிருக்கான். ஸ்டார்ட் பண்ணி மெதுவா ஓட்டினாப் போதுமாம்."

"எழுதினவன் ஜப்பான்காரன். அவனுக்கு நம்ம ஊரு என்னா தெரியும்?"

"அங்க பனி பெய்யுது. பனியிலயே வேணாங்கறான். இங்க எனக்கே வேர்த்து ஊத்துது, எஞ்சினுக்குக் குளிருதா?"

கத்தோலிக்கர் ஜெபமாலையை நிறுத்தினார். "அண்ணே, எஞ்சின் சூடாகுதோ இல்லையோ, நாங்க நல்லா வெந்துட்டோம் லா."

"நீங்க ஜெபம் பண்ணுங்க, வண்டிக்கும் சேத்து" என்றார் அவர். "இன்னும் அஞ்சு நிமிஷம்." துணியை உதறிக்கொண்டு பின்பக்கம் போனார்.

அவள் புத்தகத்தை டாஷ்போர்டில் வைத்தாள். கைப்பையை எடுத்தாள். கதவைத் திறந்து இறங்கி, சத்தமில்லாமல் மூடிவிட்டு, பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள். பிறகு ஓடினாள். எங்கள் முன்னால் அவள் இருக்கை நிமிர்ந்தே இருந்தது. நான் அதைத் தொடவில்லை.

அவர் திரும்பி வந்து காலி இருக்கையைப் பார்த்தார். பஸ் போய்விட்டிருந்தது. ஆனாலும் ஐந்து நிமிடமும் முடிந்த பிறகுதான் வண்டியை எடுத்தார்.

நான்காவது ஆளுக்கு அப்போது ஒரு வழி இருந்தது. சீட்டு தேவைப்படும் எல்லைக்குச் சற்று முன்னால் அவுட்ரம் பக்கத்துப் பஸ் ஸ்டாப்பில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். ஆள் குறைந்த கார்கள் நின்று, முன்னால் நிற்பவரை ஏற்றிக்கொள்ளும். அவர்களுக்குப் பஸ்ஸைவிடச் சீக்கிரம், காருக்குச் சீட்டு மிச்சம். எங்கள் வண்டியும் அங்கே நின்றது. பஸ்ஸில் அதுவரை வந்து இறங்கி, வரிசையில் முதலாவதாக அவள் நின்றாள்.

எங்களுக்கு முன்னால் இன்னொரு கார் நின்றிருந்தது. ஓட்டியவர் ஒரு சீனப் பெண். கதவு ஏற்கனவே திறந்திருந்தது.

மூன்றாம் மாடிக்காரர் குறுக்கே எட்டிக் கண்ணாடியை இறக்கினார். "ஏய், இங்க ஏறு!"

"வரிசையில அவங்கதான் முன்னால வந்தாங்க, அத்தான்" என்றாள். அந்தக் காரில் ஏறினாள். அது கிளம்பிவிட்டது.

வரிசையில் அடுத்து நின்ற மலாய் இளைஞர் எங்கள் வண்டியில் ஏறினார். ஏர்கான் நன்றாகக் குளிர்ந்தது.

அவள் அன்று நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். வேலையும் பிறகு நிரந்தரமானது. அக்காள் வீட்டில் சில வாரங்கள் அவளோடு அவர் பேசவில்லை என்று கேள்விப்பட்டேன்.

மறுநாள் காலை அவள் வண்டிக்கு வரவில்லை. வண்டிக்காரர் முன் இருக்கையில் என்னை உட்காரச் சொன்னார். "தம்பி, நீங்க முன்னாடி வாங்க. கால் நீட்டிக்கலாம்." எஞ்சினை முடுக்கிவிட்டுத் துணியோடு இறங்கினார். பின்னால் ஜெபமாலை தொடங்கியது. கீழ்வீட்டுச் சன்னல் மூடிற்று.

கதவின் கைப்பிடி என் இடது கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.