சாவிக்கொத்தும் பேஸ்மேக்கரும்

முதல்முறை நான் விழுந்தபோது கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். முத்தியால்பேட்டை மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவள், கண் இருட்டிச் சரிந்தேன். விழித்தபோது என்னைத் தூக்கி உட்காரவைத்திருந்தார்கள். உள்ளங்கையில் யாருடைய வீட்டுச் சாவியோ. இரும்பு பட்டதும் தெளிந்துவிட்டது, வலிப்புதான் என்று கூட்டமே முடிவு செய்துவிட்டது.

அதன்பின் என் கணவர் செல்வம் சாவிக்கொத்து இல்லாமல் நகரமாட்டார். என் சைக்கிள் சாவியும் அந்தக் கொத்தில் ஏறிவிட்டது. நான் விழுவேன், அவர் திணிப்பார், விழித்துக்கொள்வேன். சாவி இல்லாவிட்டாலும் விழித்திருப்பேன் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். வலிப்பு மாத்திரையும் விழுங்கிப் பார்த்தேன். தூக்கம் வந்தது, மயக்கம் நிற்கவில்லை.

இதைப் படிப்பவர்கள் மயங்கியவரைத் தூக்கி உட்காரவைக்காதீர்கள். படுக்கவிட்டுக் காலை உயர்த்துங்கள். திரும்பத் திரும்ப மயக்கம் வந்தால் இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஹோல்டர் (நெஞ்சில் ஒட்டி, நாள் முழுக்கத் துடிப்பைப் பதியும் கருவி) மாட்டினார்கள். டாக்டரம்மா தாளில் ஒரு வெறுங்கோட்டைக் காட்டினார்.

“இந்த இடத்துல உங்க இதயம் கொஞ்ச நேரம் நின்னு போயிருக்கும்மா.”

சைனஸ் நோட் (துடிப்பைத் தொடங்கிவைக்கும் இடம்) தளர்ந்துவிட்டதாம். பேஸ்மேக்கர் (தோளுக்குக் கீழே தோலுக்கடியில் வைக்கும், துடிப்பைத் தூண்டும் மின்கருவி) வேண்டுமாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. விற்காத சரக்கை என் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்றே நினைத்தேன். சைக்கிள் ஓட்டலாமா என்று மட்டும் கேட்டேன். அரியாங்குப்பத்தில் பை தைக்கும் கம்பெனிக்குச் சைக்கிளில்தான் போய்வருவேன். யாரையும் எதிர்பார்க்காமல் நான் செய்வது அது ஒன்றுதான். புண் ஆறியதும் ஓட்டலாம் என்றார். அதற்காகவே சம்மதித்தேன்.

மரத்துப்போகும் ஊசி மட்டும்தான் போட்டார்கள். விழித்தபடியே கிடந்தேன். வலி இல்லை, நெஞ்சுக்கு மேலே யாரோ அழுத்தி அழுத்தித் திணிப்பதுபோல இருந்தது. பிறகு சில வாரம் இடக்கையைத் தோளுக்கு மேல் தூக்கக்கூடாது. செல்வம்தான் எனக்குத் தலை பின்னிவிட்டார். அந்தக் கோணல் சடையோடு எப்படித் தெருவில் நடந்தேனோ.

மயக்கம் நின்றது. சந்தேகம் நிற்கவில்லை.

ஸ்கூட்டரில் செல்வத்தின் பின்னால் சும்மா உட்கார்ந்து போவேன், ரோட்டுப் பள்ளத்தில் வண்டி குதித்தால் நெஞ்சு படபடவென்று ஓடும். சைக்கிளில் அரியாங்குப்பம் பாலத்து ஏற்றத்தை மிதிக்கும்போதோ மூச்சு வாங்கும், கால் துவளும், நாடி மட்டும் அசையாமல் நிதானமாகப் போகும். பின்னாலேயே ஸ்கூட்டரில் வரும் செல்வத்திடம் சொன்னால், “எல்லாம் உன் மனசுதான்” என்பார். அவர் பையில் சாவி குலுங்கும். பழுதான கருவியை வைத்துவிட்டார்களோ என்று கொதித்தேன்.

அடுத்த பரிசோதனையில் என்னை வராந்தாவில் வேகமாக நடக்கவைத்தார்கள். துடிப்பு ஒழுங்காக ஏறியது.

“நல்லாதானேம்மா வேலை செய்யுது?”

“நடந்தா ஏறுது டாக்டர். சைக்கிள் மிதிச்சா ஏறல. சும்மா வண்டியில போனா தலைதெறிக்க ஓடுது.”

அவர் சிரிக்கவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். உடம்பு குலுங்குவதை வைத்துத்தான் அந்தக் கருவி நாம் உழைப்பதைக் கணிக்கிறதாம். பள்ளத்தில் குலுங்கினால் ஓடுகிறாள் என்று எண்ணிக்கொள்ளும். சைக்கிளில் மேலுடம்பு ஆடாமல் இருப்பதால் சும்மா இருக்கிறாள் என்று விட்டுவிடும். நெஞ்சின்மேல் வெளியிலிருந்து வேறொரு கருவியை வைத்து பேஸ்மேக்கரின் அளவுகளை மாற்றினார்.

“மிதிச்சுப் பாத்துட்டு சொல்லுங்க. சந்தேகத்த மனசுல வச்சுக்காதீங்க, வந்து கேளுங்க.”

கூட வந்த செல்வம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது பாலம் ஏறுகிறேன், பழைய வேகத்தில் அல்ல. பாதி ஏற்றத்தில் மூச்சு முட்டும். மிதிப்பதை நெஞ்சு புரிந்துகொள்ளச் சற்று நேரமாகிறது. முன்பெல்லாம் அப்படியொரு நேரம் இருப்பதே எனக்குத் தெரியாது. இப்போது மிதியைத் தளர்த்திக் காத்திருக்கிறேன், பிறகு அது வந்து சேர்ந்துகொள்கிறது. அது என் துடிப்பா, கருவியின் துடிப்பா என்று இன்னும் உற்றுக் கேட்கத்தான் செய்கிறேன்.

ஒருநாள் காலையில் ஸ்கூட்டரைக் கிளப்பிய செல்வத்திடம், “நீங்க வர வேணாம். என் சைக்கிள் சாவியக் கழட்டிக் குடுங்க” என்றேன். அவர் நகத்தால் வளையத்தை நெம்பி, நெடுநேரம் எடுத்துக் கழற்றினார். உள்ளங்கையில் வைத்தார்.

விழாமல், நின்றபடியே, அவர் கையிலிருந்து நான் சாவி வாங்கியது அன்றைக்குத்தான்.