வெள்ளிக்கிழமை எரியாத பச்சை அம்பு

கோலா சுங்கை பாருவிலிருந்து சுங்கை ஊடாங் பக்கம் உள்ள ஒரு தொழிற்சாலைக்குப் பெண்களை வேனில் ஏற்றிப்போவது என் வேலை. பாரம் டூ, அதாவது எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். லைசன்ஸ் பரீட்சையில் சிக்னல் கேள்விகளிலேயே இரண்டு தடவை கோட்டை விட்டேன். இன்றும் சிவப்பு விளக்கைக் கண்டால் கோட்டுக்கு முன்னாலேயே நின்றுவிடுவேன்.

வழியில் ஒரு சந்தி. நேரே போகிறவர்களுக்குத் தலைக்கு மேலே வட்ட விளக்கு. இடது தடத்தில் நிற்கும் எங்களுக்கென்று ஓரக் கம்பத்தில் புதிதாக அம்பு விளக்கு வைத்தார்கள். மேலே சிவப்பாக இருந்தாலும் கம்பத்தில் பச்சை அம்பு விழுந்தால் திரும்பலாம்.

திங்கள் முதல் வியாழன் வரை ஒழுங்காக எரிந்தது. வெள்ளிக்கிழமை மட்டும் எரியவே எரியாது. பின்னால் ஹாரன் அலறும். மேலே வட்டப் பச்சை விழும்வரை நான் அசையமாட்டேன். கேமரா இருந்தால்? சம்மன் வந்தால்? எவ்வளவு சீக்கிரம் கிளம்பினாலும் முன்சீட்டில் உட்காரும் அக்கா தன் வீட்டு வாசலில் ஊக்கு தேடிக்கொண்டிருப்பார். கையில் மிச்சமிருக்கும் இரண்டு நிமிடத்தையும் அந்தச் சந்தி தின்றுவிடும். தொழிற்சாலை கேட்டில் காவல் கார்டு “வேன் லேட்” என்று எழுதுவார்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை வேன் முதலாளி போன் செய்தார். “இன்னொரு வெள்ளிக்கெழம லேட்டுன்னா சாவிய குடுத்துட்டுப் போயிரு. வேற ஆளு ரெடி.”

ஒரு வாரம் தூக்கமில்லை. அடுத்த வெள்ளி, வேனின் உள்கண்ணாடியில் வெள்ளிதோறும் தொங்கவிடும் பூமாலையை இரு மடங்காக வாங்கிச் சாமியை வேண்டிக்கொண்டு மாட்டினேன்.

சந்தி வந்தது. மேலே சிவப்பு. அம்பைக் காணோம். ஹாரன்.

“இன்னிக்கும் கெட்டுப்போச்சு லா இந்த லைட்டு! என் வேல போச்சு!”

பின்சீட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முன்சீட்டு அக்கா நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்திலிருந்து தலை தூக்கினார். “வேலயா? ஏன் தம்பி?”

முதலாளி சொன்னதைச் சொன்னேன். “வரப்போற ஆளு வேன்ல சாப்பிடவே விடமாட்டானாம்க்கா.”

சிரிப்பு நின்றது. அக்கா சம்பல் ஒட்டிய விரலைத் துடைத்துவிட்டு, கையை நீட்டி மாலையைக் கழற்றினார். அதற்குப் பின்னால், ஓரக் கம்பத்தில், பச்சை அம்பு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

“போ தம்பி, போ!”

இடப்பக்கம் திரும்பிவிட்டுக் கேட்டேன். “முன்னாடியே தெரியுமாக்கா?”

“மாலைக்கு இந்தப் பக்கம் ஒக்காந்திருக்கேன், தெரியாதா?”

“சொல்லியிருக்கலாம்ல?”

“வேன் லேட்டுன்னா எங்கள யாரும் ஏசமாட்டாங்க. இங்க வேன் நிக்கிற வெள்ளிக்கெழமதான் நிம்மதியா சாப்பிட்டோம். ஒனக்கு வேல போவும்னு யாருக்குய்யா தெரியும்?” என்றபடி, சாமிக்குப் போட்ட பூ வீணாகக்கூடாதென்று மாலையைக் கொண்டையில் சுற்றிக்கொண்டார்.

கேட்டை நேரத்துக்குத் தாண்டினோம். கார்டு பேனாவை எடுக்கவில்லை. இப்போது வெள்ளிக்கிழமைகளில் டேஷ்போர்டுப் பிள்ளையாருக்கு உதிரிப்பூ மட்டும்தான்.

மாதக் கடைசியில் முதலாளி கேட்டார்: “இப்ப எப்படி நேரத்துக்குப் போற?”

மாலையைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. “லைட்டு சரியாயிருச்சு, மொதலாளி.”

“ஆவாம இருக்குமா? நான்தானே ஒனக்குப் போன் பண்ணி ஏசுனேன்,” என்றார்.