இரட்டை மேற்கோளுக்குப் பின் ஓர் இடைவெளி

ஒரகடத்தில் வண்டிகளுக்கு ரப்பர் குழாய் செய்யும் எங்கள் தொழிற்சாலையில் பூமாரி வேலை பார்த்தது நான்கு ஆண்டு, இரண்டு மாதம், பதினோரு நாள். சேர்ந்தது 2020 செப்டம்பர் 7, திங்கட்கிழமை. இடையில் எடுத்த விடுப்பு மொத்தம் பத்தொன்பது நாள். ஆவண அறையைப் பார்த்துக்கொள்வது என் வேலை என்பதால் இவற்றை நினைவை நம்பிச் சொல்லவில்லை.

சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். அப்பா பிச்சையா விசைத்தறித் தொழிலாளி; பஞ்சுத் தூசியில் நெஞ்சு கெட்டு வீட்டோடு இருந்தார். பூமாரி டிப்ளமோ முடித்த கையோடு இங்கே ஒப்பந்தத் தொழிலாளியாக வந்து, குன்றத்தூரில் மலைக்கோயிலுக்குப் பின்புறம் ஒரு மாடி அறையில் தங்கினாள். 2022இல் தன் ஊரிலிருந்தே சுகப்பிரியாவை அழைத்து வந்தாள். விண்ணப்பத்தில் 'தெரிந்தவர் யார்' என்ற இடத்தில் பூமாரியின் பெயர் இருக்கிறது. இருவருக்கும் ஒரே அறை, ஒரே அடுப்பு, லேபிள் பிரிவில் ஒரே மேசை. ஒருத்தி காலை ஷிப்ட் என்றால் மற்றவள் மதிய ஷிப்ட்.

பெட்டிகளில் ஒட்டும் லேபிளை அடித்துக் கொடுப்பதுதான் அவர்கள் வேலை. சரக்கு ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் போகும். அந்த ஊர்ப் பெயர்களில் எழுத்துக்கு மேலே புள்ளியும் கீற்றும் இருக்கும்; கீழே வால் தொங்கும். 2021இல் ஒருமுறை வால் வைத்த ç வரவேண்டிய பெயரில் வெறும் c அடித்து அனுப்பிவிட்டார்கள். அங்கே இயந்திரம் பெயர் பொருந்தவில்லை என்று பதினான்கு அடுக்குச் சரக்கை ஒன்பது நாள் ஒதுக்கி வைத்துவிட்டது. டிஸ்பேட்ச் சூப்பர்வைசர் திருமலை, வாலாஜாபாத்காரர், மேசைக்கு வந்து கத்தினார்.

"இன்னாம்மா இது, ஒரு வாலுக்கோசரமா சரக்க நிறுத்துவான்?"

"சார், உங்க பேர்ல லகரத்துக்கு முன்னால இருக்க கொம்ப எடுத்துட்டா திருமல ஆயிரும். அந்தப் பேர்ல பேங்க்ல உங்களுக்கு பாஸ்புக் குடுப்பாவளா?"

பூமாரி இப்படிக் கேட்டதும் பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். திருமலையும் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து அந்த எழுத்துகள் பூமாரியின் பொறுப்பாயின. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு வலது பக்க எண் விசைகளில் 0231 அடித்தால் ç, 0233 அடித்தால் é, 0252 அடித்தால் ü. நாற்பத்தொரு எண்களை மனப்பாடமாக வைத்திருந்தாள். மூன்று ஆண்டுகளில் ஒரு புகாரும் வரவில்லை.

2024 ஆகஸ்டில் லேபிள் பிரிவில் ஒருவரை நிரந்தரமாக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. அதுவரை பதினோரு மாதத்துக்கு ஒருமுறை அவளுக்குப் புது ஒப்பந்தம், கழுத்தில் புது அட்டை. நிரந்தரமானால் கம்பெனி காப்பீட்டில் பெற்றோரையும் சேர்க்கலாம். பிச்சையாவைத் திருநெல்வேலியில் பெரிய மருத்துவமனையில் காட்டலாம். இதை அவள் என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னாள். காப்பீட்டு விண்ணப்பத்தின் நகல் ஒன்றை மட்டும் வாங்கிப் போய்ப் பென்சிலால் நிரப்பி வைத்திருந்தாள். "உனுக்குத்தாம்மா, வேற யாருக்குக் குடுக்கப் போறாங்க" என்று திருமலையும் சொல்லியிருந்தார்.

அந்த மாதக் கடைசியில் மேசையிலிருந்த கீபோர்டு கெட்டது. பதிலுக்கு வந்தது சின்னக் கீபோர்டு. வலது பக்க எண் விசைகளே இல்லை. மேல் வரிசை எண்களை அடித்தால் ஆல்ட் எண்கள் வேலை செய்யாது. கேட்டதற்கு, பெரியது வர ஆறு வாரம் ஆகும் என்றார்கள். பூமாரி இரண்டு நாள் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து தேடி, கணினியின் மொழி அமைப்புக்குள் போய் 'இன்டர்நேஷனல்' என்றொரு கீபோர்டு முறையைச் சேர்த்தாள். செப்டம்பர் 3, செவ்வாய்.

என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். "ஐயா, இதப் பாருங்க. ஒத்த மேற்கோள் குறிய அடிச்சா ஒண்ணும் வராது. காத்துக்கிட்டு கிடக்கும். அடுத்து e அடிச்சா அது தலையில போயி ஏறிக்கிடும். இரட்டைக் குறி அடிச்சுட்டு u அடிச்சா ரெண்டு புள்ளி."

"வெறும் மேற்கோள் குறியே வேணும்னா இன்னா பண்ணுவ?"

"அங்கதான் ஐயா வில்லங்கம்."

எங்கள் குழாய்களுக்கு 3/4"A, 3/4"B என்று இரண்டு ரகம். முக்கால் அங்குலத்தைக் குறிக்கும் அந்த இரட்டைக் குறியை அடித்துவிட்டு உடனே A அடித்தால், அங்குலக் குறி மறைந்து, எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி ஏறி 3/4Ä ஆகிவிடும். குறிக்குப் பின் இடைவெளி விசையை ஒருமுறை தட்ட வேண்டும்; அப்போது குறி மட்டும் நிற்கும். B தலையில் புள்ளி ஏறாது என்பதால் அதில் தொல்லை இல்லை.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதினாள். இடைவெளி பற்றிய வரியைச் சிவப்பில் எழுதினாள். நான் அதற்கு எண் கொடுத்து, மூலத்தை அலமாரியில் வைத்து, நகலை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். பயிற்சிப் பதிவில் சுகப்பிரியா கையெழுத்துப் போட்டாள். திருமலையும் போட்டார். எங்கள் ஆலையில் பயிற்சிப் பதிவைச் சுற்றுக்கு விட்டால் கையெழுத்து வரும். படித்தார்களா என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை.

அக்டோபர் 17, வியாழன், மதிய ஷிப்டில் 3/4"A ரகத்துக்கு 640 லேபிள்கள் 3/4Ä என்று அச்சாயின. அதே மாலையில் அடித்த B ரகம் 320 லேபிள்களும் சரியாகவே இருந்தன. 28ஆம் தேதி, தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு, துறைமுகக் கிடங்கில் பிழையைப் பிடித்து மொத்தச் சரக்கையும் திருப்பினார்கள்.

விசாரணை நவம்பர் 6. திருமலையையும் சுகப்பிரியாவையும்கூட அழைத்திருந்தார்கள். மனிதவளப் பிரிவின் மேலாளர் அம்சவல்லி கணினிப் பதிவை மேசைமேல் வைத்தார். மாலை 4.10க்கு லேபிள் அடித்த ஐடி, பூமாரியுடையது.

"நான் அன்னிக்கு காலை ஷிப்ட் மேடம். ரெண்டரைக்குக் கிளம்பிட்டேன்."

அதற்கு ஆதாரம் என்னிடம் இருந்தது. யாரும் கேட்கவில்லை; நானாகத்தான் எடுத்துப் போனேன். வருகைப் பதிவில் அவள் வெளியேறிய நேரம் 2.38. சுகப்பிரியா உள்ளே வந்தது 2.21. இரண்டையும் விரித்து வைத்தேன். உண்மை வெளிப்பட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அம்சவல்லி இரண்டையும் பார்த்தார். "அப்போ உன் பாஸ்வேர்டு சுகப்பிரியாகிட்ட எப்படிப் போச்சு?"

பூமாரி திருமலையைப் பார்த்தாள். அந்த மேசைக்கு ஒரே ஓர் ஐடிதான். "புதுசு கேட்டா ஒரு மாசம் இழுப்பானுங்க, ரெண்டு பேரும் ஒண்ணுலயே போட்டுக்குங்க" என்று அவர் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். ஆனால் எழுத்தில் இல்லை. திருமலை தன் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"சார், நீங்க சொன்னதுதான?"

"நான் எங்கம்மா சொன்னேன்? அர்ஜென்டுன்னா பாத்து முடிங்கன்னு சொல்லியிருப்பேன். பாஸ்வேர்ட குடுன்னா சொன்னேன்?"

"இவருதான் மேடம் சொன்னாரு. நானும் கேட்டுக்கினு இருந்தேன்" என்றேன்.

"எழுத்துல இருக்கா, பெரியவரே?" என்றார் அம்சவல்லி. இல்லை என்றேன்.

பூமாரி அடுத்தபடியாகச் சுகப்பிரியாவின் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, சிவப்புல எழுதியிருந்தது உனக்குத் தெரியும்லா? ரூம்ல வச்சு எத்தன தடவ சொல்லிக் காட்டிருக்கேன்? சோறு திங்கும்போதுகூட தட்டத் தட்டி, குறி, இடைவெளி, Aன்னு சொன்னேனே?"

சுகப்பிரியா தலையை நிமிர்த்தவே இல்லை. "எனக்கு அதப்பத்தி யாரும் சொல்லல மேடம். அக்கா கையெழுத்து போடுன்னாவ, போட்டேன். கீபோர்ட மாத்துனது அவியதான். நான் எப்பவும் அடிக்கிற மாதிரிதான் அடிச்சேன்."

லேபிள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் போய்ப் பார்த்தபோது, சிவப்பு வரி எழுதிய தாளின் நகல் அங்கே இல்லை. எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. மூலத்தை நான் காட்டினேன். அனுமதியில்லாமல் கணினி அமைப்பை மாற்றியதற்கு அவள் கைப்பட எழுதிய ஒப்புதல் என்று அதையே அறிக்கையோடு இணைத்துவிட்டார்கள். ஆக, அவளுக்கு உதவும் என்று நான் கொண்டுபோன மூன்று தாள்களில் வருகைப் பதிவு பாஸ்வேர்டு கொடுத்ததை நிரூபித்தது. வழிமுறைத் தாள் கீபோர்டை மாற்றியதை நிரூபித்தது. பயிற்சிப் பதிவை யாரும் கையில் எடுக்கவே இல்லை.

15ஆம் தேதி அறிவிப்புப் பலகையில் நிரந்தரமானவர் பெயர் வந்தது. சுகப்பிரியா. பூமாரியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்பது 18ஆம் தேதிக் கடிதம். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள என் அறைக்குத்தான் வந்தாள்.

"சுகப்பிரியா விசாரணைக்கு முந்துன நாளே எம்மேல எழுதிக் குடுத்துட்டா ஐயா. அன்னிக்கு ராத்திரியும் என்கூடத்தான் உக்காந்து தோசை தின்னா. அதுதான் எனக்குப் பொறுக்கல."

நான் என்ன சொன்னேன் என்று எழுத விருப்பமில்லை. மறுநாள் அவள் குன்றத்தூர் அறையைக் காலிசெய்து ஊருக்குப் போய்விட்டாள்.

நவம்பர் 26, செவ்வாய், மதியம் பிரான்சுக்குச் சரக்கு தயாரானது. பெயரில் ç இருந்தது. விசாரணைக்குப் பிறகு இன்டர்நேஷனல் முறையை நீக்கியிருந்தார்கள். பெரிய கீபோர்டு வந்திருந்தது. எண்தான் யாருக்கும் தெரியவில்லை. திருமலை பூமாரிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். பக்கத்தில் சுகப்பிரியா. கோப்பு வாங்க வந்த நானும் நின்றுகொண்டிருந்தேன்.

"இன்னாம்மா பூமாரி, நல்லா கீறியா? ஒண்ணுமில்ல, அந்த cக்கு கீழ வாலு போடுவியே, அது இன்னா நம்பரு?"

போனில் அவளுக்குப் பின்னால் விசைத்தறி ஓடும் ஓசை கேட்டது.

"தெரியாது சார்."

"விளையாடாதம்மா. நாப்பது நம்பர் மனப்பாடமா சொல்லுவ நீ. வண்டி நிக்குது."

"யக்கா, நான்தான்" என்றாள் சுகப்பிரியா. "கோவத்துல இருக்கீங்க போல. இது ஒண்ண மட்டும் சொல்லிருங்கக்கா."

"நான்தான் உனக்கு எதையும் சொல்லித் தந்ததே இல்லையே, சுகப்பிரியா" என்றாள் பூமாரி. குரலில் கோபம் இல்லை. பிறகு, "அங்க ஐயா இருந்தா அவியட்ட கேளுங்க. அவிய எல்லாத்தையும் எழுதி வச்சிருப்பாவ" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எண்கள் என் பதிவில் இல்லை. அவற்றை எழுதி வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவள் இருந்தாள், அது போதுமென்று இருந்துவிட்டேன். இல்லை என்றேன்.

சுகப்பிரியா வால் இல்லாமலே c அடித்தாள். லாரி 4.35க்குக் கிளம்பியது.