பைக்குள் கத்துகிற போன்

"கொண்டா."

டிரைவர் ஆசனத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு சஞ்சீவனின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டுகிறார் கனகசுந்தரம். உள்ளங்கை மேலே பார்த்திருக்கிறது. விரல் இடுக்குகளில் மடித்த தாள்காசு. பஸ் ஸ்டார்ட் ஆகி, நின்ற நிலையிலேயே நடுங்கிக்கொண்டிருக்கிறது. சஞ்சீவன் கடைசியாக ஒருதரம் திரையைத் தடவிப் பார்த்துவிட்டு அந்தக் கையில் போனை வைக்கிறான். போன் காசுப்பையின் பின் அறைக்குள் போகிறது. பையை மூடிச் சிப் இழுபடுகிறது. கனகர் தலைக்கு மேலே உள்ள தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டுகிறார். அதற்குப் பிறகுதான் அந்தப் பச்சை பஸ் திருகோணமலை பஸ் நிலையத்தை விட்டு அசையும். குச்சவெளி போய்ச் சேரும்வரை போனுக்கு அதுதான் மறியல், அதுதான் சிறை.

கனகர் கண்டக்டர். ஐம்பதைத் தாண்டிய மனிதன். உப்புக்காற்றில் காய்ந்த முகம், கழுத்துப் பட்டிக்குள் செருகிய கைலேஞ்சி, துறைமுகத்தில் கப்பல் ஊதினால்கூட அதற்கு மேலாகக் கேட்கிற குரல். ஏசாமல் ரிக்கட் கொடுத்தால் அவருக்குச் சாப்பாடு சமிக்காது என்று இந்தப் பாதையில் போய்வருகிற சனம் சொல்லும். பொய்யில்லை. ஏறுகிறவனுக்கு ஒரு ஏச்சு, இறங்குகிறவனுக்கு ஒரு ஏச்சு. அதிலும் கையில் போனோடு ஏறுகிறவனைக் கண்டால் அவருடைய கழுத்து நரம்பு கயிறு மாதிரிப் புடைக்கும்.

"தங்கச்சி, உள்ளுக்குப் போ. போனுக்குள்ள இல்லை, பஸ்ஸுக்குள்ள!"

"தம்பி, அந்தச் சாமானை வாயை மூடச் சொல்லு. உன்ர பாட்டை நாங்கள் எல்லாரும் கேக்கவேணுமெண்டு சட்டமோ?"

நிலாவெளியில் படிப்பிக்கிற பூரணி ரீச்சருக்கும் விலக்கில்லை. ரீச்சர் யன்னல் பக்கம் இருந்து போனில் குனிந்தால் நிமிர மாட்டார். வாரத்தில் ஒருநாளாவது பள்ளிக்கூடத்தைத் தாண்டிப்போய்த்தான் விழிப்பு வரும்.

"ரீச்சர், உங்கட பள்ளிக்கூடம் பின்னால போகுது. பிள்ளையளுக்கு ஆர் பாடம் சொல்லுறது, நானோ?"

"ஐயோ! முதலே சொல்லியிருக்கலாமே கனகண்ணை."

"தொண்டை கிழியக் கத்தினனான். நீங்கள் ஆரோ கறி வைக்கிறதைப் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்."

"அது கணவாய்க் கறி, கனகண்ணை" என்று ரீச்சர் சிரித்துக்கொண்டே இறங்கி, வெயிலில் திரும்பி நடப்பார். பஸ் முழுக்கச் சிரிக்கும். கனகர் மட்டும் சிரிக்கமாட்டார்.

அவர் சிரிக்காததற்குக் காரணம் இறக்கக்கண்டிப் பாலத்துக்கு இந்தப் பக்கம், றோட்டோரத்தில், நீலத் தறப்பாளுக்குக் கீழே இருக்கிறது. அங்கே ஸெய்னுதீன் நானா கருவாடு விற்கிறார். பக்கத்தில் ஒரு ஊன்றுகோல் சாய்த்துவைத்திருக்கும். வலது கால் மடங்காது. நீட்டினபடியே கிடக்கும்.

முந்தி அவர் கருவாடு விற்கவில்லை. மோட்டார் சைக்கிளில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு ஊரூராகப் போய்ப் பச்சை மீன் விற்ற மனிதன். அன்றைக்கும் பெட்டி நிறையச் சூடை மீனோடு பஸ்ஸுக்கு முன்னால் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தார். கனகர் பின்பக்கம் ரிக்கட் எழுதிக்கொண்டு நின்றார். சஞ்சீவனின் போன் கண்ணாடியில் ஒட்டின பிடிக்குள் இருந்து அடித்தது. கோல் எடுத்தது பஸ் முதலாளி.

இந்த முதலாளியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத்தான் வேணும். பட்டினத்தில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார். கடைக் கதிரையில் இருந்தபடியே பஸ் ஓட்டுகிற மனிதன். இதே பாதையில் ஒரு நீல பஸ்ஸும் ஓடுகிறது. நீலம் முந்தினால் சந்திகளில் நிற்கிற சனத்தை அவன் அள்ளிக்கொண்டு போய்விடுவான். அதனால் முதலாளிக்கு நிமிசத்துக்கு நிமிசம் கணக்குத் தெரியவேணும். நீலம் எங்கே? நீ எங்கே? ஏன் மெதுவாகப் போகிறாய்? இது போதாதென்று டிரைவர்மாருக்கு ஒரு வட்ஸ்அப் குறூப். பொலிஸ் எந்த வளைவில் நிற்கிறது, எந்தத் தரிப்பில் சனம் திரண்டிருக்கிறது என்று ஓடுகிற பஸ்ஸில் இருந்துகொண்டு ஓடுகிற பஸ்ஸுக்குக் குரல் அனுப்புவார்கள். நாற்பது ஐம்பது உயிர்களை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு செய்கிற வேலை இது.

சஞ்சீவனின் கண் போனுக்குப் போனது. ஒரு கணம்தான். பிறகு ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை, தகரத்தில் குத்தினது மாதிரி. கனகர் முன்னுக்கு ஓடிவந்து பார்த்தபோது தார் றோட்டு முழுக்கச் சூடை மீன் வெள்ளியாய்ச் சிதறிக் கிடந்தது. ஸெய்னுதீன் வாய்க்காலுக்குள் மோட்டார் சைக்கிளுக்குக் கீழே கிடந்தார். சஞ்சீவன் கதவைத் திறந்துகொண்டு இறங்கினான். கையில் போன். எப்போது அதைப் பிடுங்கி எடுத்தான் என்று அவனுக்கே தெரியாது. போனுக்குள் இருந்து முதலாளியின் குரல் வந்துகொண்டிருந்தது.

"ஹலோ... ஹலோ... எங்கையடா நிக்கிறாய்? நீலம் உன்னை முந்தீட்டானோ?"

கனகருக்கு நானாவின் அந்தக் காலை மறந்தாலும் அந்தக் குரலை மறக்க ஏலாது. மனிசன் ஒருவன் வாய்க்காலுக்குள் கிடந்து "அல்லாஹ்" என்று முனகுகிறான், மேலே ஒரு பெட்டி நீலம் முந்தினானோ என்று கேட்கிறது.

வழக்கு முடிந்து, லைசன்ஸ் திரும்பக் கிடைத்து, சஞ்சீவன் மறுபடி ஆசனத்தில் ஏறி இருந்த முதல் காலை கனகர் ஒரு குறட்டோடு வந்தார். கண்ணாடியில் ஒட்டியிருந்த போன் பிடியை நெம்பிப் பிடுங்கி யன்னலால் எறிந்தார். அது ஒட்டியிருந்த இடத்தில் வட்டமாக ஒரு பசை அடையாளம் இன்னும் இருக்கிறது. எத்தனை கழுவினாலும் போகவில்லை. பிறகு கையை நீட்டினார்.

"கொண்டா."

சஞ்சீவன் வேறு ஆள் இல்லை, கனகரின் மருமகன், மகளைக் கட்டினவன். வீட்டில் "தம்பி, சாப்பிடுங்கோ", "தம்பி, கதிரையில இருங்கோ" என்று மரியாதை குறையாமல் கதைக்கிற மாமன்தான் பஸ்ஸில் இப்படிக் கேட்டார். சனம் பார்த்துக்கொண்டிருந்தது. சஞ்சீவனுக்கு முகம் சிவந்துபோனது.

"மாமா, முதலாளி எடுப்பார்."

"எடுக்கட்டும். நான் கதைக்கிறன்."

"தர்சிகா எடுத்தா?" அவள் வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். கேட்கவேண்டிய கேள்விதான்.

"என்ர மகள் என்ர போனுக்கு எடுப்பாள். கொண்டா."

கனகரின் போன் பொத்தான் போன். பின்மூடி கழன்று றப்பர் வளையம் போட்டுக் கட்டியிருக்கிறது. அதில் கதைக்கலாம், வேறொன்றும் செய்ய ஏலாது. அவருக்கு அது போதும்.

முதல் கிழமைகள் நரகம். குச்சவெளியில் பஸ் திரும்ப நிற்கிற இடைவெளியில் போனுக்கு விடுதலை. கையில் கிடைத்ததும் சஞ்சீவன் பஸ்ஸுக்குப் பின்னால் போய்விடுவான், தண்ணி விடாய்த்தவன் குடத்தைக் கண்ட மாதிரி. சுபைதாவின் தேத்தண்ணிக் கடையில் அவனுடைய கோப்பை ஆறி ஆடை கட்டிக் கிடக்கும். மாமனும் மருமகனும் கதை பேச்சில்லை. ஒருநாள் அவன் வெடித்தான்.

"நான் என்ன சின்னப்பிள்ளையோ மாமா, பறிச்சு வைக்கிறதுக்கு?"

"சின்னப்பிள்ளையெண்டால் அடிச்சிருப்பன்" என்றார் கனகர். "பஸ்ஸில ஏறு."

அப்படியே நாள் போனது. பிறகு ஒரு மத்தியானம் சஞ்சீவன் பையைப் பார்க்காமல் நேராகக் கடைக்குள் போய் வாங்கில் இருந்தான். ஒரு மிடறு குடித்தான். முகத்தைச் சுளித்தான்.

"அக்கா, சீனி கூடிப்போச்சு."

சுபைதா இடுப்பில் கை வைத்தாள். "ஒரு வருசமா ஒங்களுக்கு இந்தச் சீனிதான் போடுறன். இண்டைக்குத்தானா நாக்கு வந்தது?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சஞ்சீவனும் சிரித்தான். கனகர் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு, ஏசுவதற்கு ஆளில்லாமல் ஒரு காகத்தை ஏசினார். அன்றைக்குப் போனை அவன் கேட்கவேயில்லை. கிளம்பும்போது, "தம்பி, பாக்கேல்லையோ?" என்று அவர்தான் கேட்டார். "போய்ப் பாக்கலாம் மாமா" என்றான். தர்சிகாவும் ஒருநாள் சொன்னாள்: "அப்பா, இவர் இப்ப படுத்தால் நித்திரை கொள்ளுறார். முந்தி படுத்துக்கிடந்து வெளிச்சத்தைப் பாத்துக்கொண்டெல்லோ கிடப்பார்."

எல்லாருக்கும் நித்திரை வந்தது, முதலாளிக்கு மட்டும் வரவில்லை. அவர் கோல் எடுக்கிற நேரமெல்லாம் பைக்குள் இருந்து போன் கத்தும். கனகர் எடுப்பார். "டிரைவர் பஸ் ஓடுறார்" என்பார். வைத்துவிடுவார். அவ்வளவுதான். முதலாளி எதைக் கேட்டாலும், எவ்வளவு கத்தினாலும், அந்த ஒரே வசனம்.

போன திங்கட்கிழமை முதலாளி கடையைப் பூட்டிவிட்டு பஸ் நிலையத்துக்கே வந்துவிட்டார். கையில் புதுப் போன் ஒன்று, சின்னது. சனம் ஏறி நிறைந்திருக்கிற பஸ்ஸின் டிரைவர் யன்னலுக்குக் கீழே நின்று அதைச் சஞ்சீவனிடம் நீட்டினார்.

"இது என்ர போன். நான் எடுத்தால் நீதான் கதைக்கவேணும். வேற ஆரும் இதைத் தொட்டாலும் சரி, நீ கதைக்காமல் விட்டாலும் சரி, மாமனும் மருமகனும் நாளையில இருந்து பஸ் பக்கம் வரவேண்டாம். விளங்குதோ?" பிறகு கனகரைப் பார்த்தார். "உமக்கும்தான் சொல்லுறன்."

கனகரின் வாய் திறந்தது. அந்த வாயிலிருந்து என்ன வரும் என்று பஸ் முழுக்கக் காத்திருந்தது. அவர் காசுப்பையின் சிப்பை இழுத்து மூடினார். அவருக்குத் தன் வேலை பெரிசில்லை, கருவாடு விற்றும் சீவிக்கலாம். தர்சிகாவுக்கு நிறைமாதம். புருசனையும் தகப்பனையும் ஒரே நாளில் வீட்டில் இருத்திவிட்டு அவள் எதை நம்பிப் பிள்ளை பெறுவாள்? அன்றைக்குத்தான் கனகர் கையை நீட்டவில்லை. தகரத்தை மட்டும் தட்டினார். அதுவும் ஒரு தட்டு.

பஸ் கிளம்பினது. போன் கியருக்குப் பக்கத்தில், எஞ்சின் மூடியில் விரித்த துணிக்கு மேலே கிடந்தது. உப்புவெளியில் அடித்தது. சஞ்சீவன் எடுத்தான். "ஓம் முதலாளி... உப்புவெளி... ஓம், நீலம் பின்னுக்குத்தான்." ஒற்றைக் கையில் ஸ்டியரிங். பஸ் வெள்ளைக் கோட்டை ஏறி மிதித்துத் திரும்பினது. சாம்பல்தீவுப் பாலத்தில் மறுபடியும் அடித்தது. மறுபடியும் எடுத்தான். ஒவ்வொரு தரமும் கனகரின் கை அவனுடைய தோள்வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. ஒருவரையும் அவர் ஏசவில்லை. ஒரு பெடியன் போனில் சத்தமாகப் படம் பார்த்தான், பேசாமல் ரிக்கட் கொடுத்தார். நிலாவெளியில் பூரணி ரீச்சர் அதிசயமாகச் சரியான இடத்திலேயே எழும்பினார்.

"கனகண்ணை, உடம்புக்குச் சுகமில்லையோ?"

"இறங்குங்கோ ரீச்சர். பள்ளிக்கூடம் வந்திட்டுது."

ரீச்சர் இறங்கி நின்று, பஸ் போகிறவரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார்.

இறக்கக்கண்டி வந்தது. தூரத்தில் நீலத் தறப்பாள் தெரிந்தது. ஸெய்னுதீன் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். ஒவ்வொரு நாளும் பஸ்ஸைக் கண்டால் கை தூக்குகிற மனிசன். "என்ன கனகண்ணன், மருமகன்ட போன் இண்டைக்கும் ஒங்கட பேக்குலதானா?" என்று கத்திக் கேட்பார். கனகர் பின்கதவடிக்கு நகர்ந்தார், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஏலாமல்.

அப்போது போன் அடித்தது.

கனகர் திரும்பிப் பார்த்தார். கியரில் இருந்த சஞ்சீவனின் இடது கை துணிக்குப் போனது. போனை எடுத்தது. காதுக்குப் போகவில்லை. ஆசனத்தைச் சுற்றிப் பின்பக்கமாக நீண்டது. அடித்துக்கொண்டிருந்த போனோடு அந்தக் கை ஆட்களுக்கு நடுவில் அந்தரத்தில் நின்றது. அவனுடைய தலை திரும்பவில்லை. கண் றோட்டில்தான் இருந்தது.

கனகர் சனத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தார். போனை வாங்கினார். அதைப் பைக்குள் போட்டுச் சிப்பை இழுத்தார். அது உள்ளே பிடிபட்ட மீன் மாதிரித் துள்ளித் துள்ளிக் கத்தினது. ஒரு கையால் அதை வயிற்றோடு சேர்த்து அமத்திப் பிடித்துக்கொண்டு, பஸ் தறப்பாளை மெதுவாகத் தாண்டிப் பாலத்தில் ஏறுகையில், மற்றக் கையால் தகரத்தில் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினார்.